ஷேடு அக்காவின் ரோஸ் கண்ணாடி

துணி ஆலையில் அவளுக்கு ஷேடு அக்கா என்று பெயர். சாயம் ஏறி வரும் துணியின் ஷேடு, அதாவது நிறச்சாயல், மாதிரித் துணியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. நூறு நீலத்தைக் கலந்து கொட்டினாலும் பிரித்து வைத்துவிடுவாள். அப்பேர்ப்பட்ட கண்ணுக்குப் பின்னால் மூன்று வருடமாக ஒற்றைத் தலைவலி குடியிருந்தது. ஆலையில் அவள் மேஜைக்கு மேலே ஒரு டியூப்லைட் துடித்துத் துடித்து எரியும்; அதன் அடியில் உட்கார்ந்தால் வலி ஏறி வாந்தியில்தான் முடியும். மாற்றச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

"தலைவலி யாருக்குத்தான் இல்ல? ஒரு மாத்திரையப் போட்டுட்டுப் படு," என்பான் கணவன், டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே.

போன வருடம் கறுப்புக் கண்ணாடி வாங்கினாள். கடை வாசல் வெயிலில் மாட்டிப் பார்த்தபோது அப்பாடா என்றிருந்தது. நிறம் பார்க்கும் நேரம் போக, ஆலைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் கழற்றவே இல்லை. கண் இருட்டுக்குப் பழகி, கடைசியில் பிரிட்ஜ் விளக்குகூடக் குத்தத் தொடங்கியது.

"உள்ள இருக்கும்போது இதப் போடவே கூடாதும்மா," என்றார் கண் டாக்டர். "லேசான ரோஸ் கலர் லென்ஸ் போட்டுப் பாருங்க. சிலருக்கு நல்லாக் கேக்கும்."

அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. துணியை எந்த வெளிச்சத்தில் உடுத்துவார்களோ அந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள், சொந்தக் கண்ணுக்கு மட்டும் வாசல் வெயிலை நம்பியிருக்கிறாள். புத்தி எங்கே போயிருந்ததோ.

இந்த முறையும் கடைக்காரர் லென்ஸ்களோடு வாசலுக்குத்தான் நடந்தார்.

"டியூப்லைட் எங்க இருக்கு?" என்றாள்.

"ஸ்டோர் ரூம்லதாம்மா. ஒரே தூசி."

"நான் தூசி பாக்க வரல."

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். வெளிர் ரோஸ் போதவில்லை. அடர் ரோஸில் அறையே இருண்டது. நடுவில் இருந்ததைப் போட்டு இருபது நிமிடம் விளக்கடியில் இருந்தாள். நெற்றி தானாகத் தளர்ந்தது.

மறுநாள் மேஜையருகே சூப்பர்வைசர் வந்து நின்றார். "கறுப்புப் போட்டப்பவே பொறுத்துக்கிட்டேன். கலர் பாக்குறவ கலர் கண்ணாடி போட்டா எப்படி? நாளையிலேருந்து பேக்கிங்குக்குப் போயிடு."

நிறம் பார்ப்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த வித்தை.

"சார், நெறம் பாக்குறது லைட் பெட்டிக்குள்ள ரெண்டு நிமிஷம். அப்ப கழட்டிடுவேன். மீதி நேரமெல்லாம் உங்க டியூப்லைட்டுக்கு அடியிலதானே கெடக்கேன்? வேணும்னா சோதிச்சுப் பாருங்க."

நிறம் பார்க்கவென்றே சீரான வெளிச்சம் வைத்த அந்தப் பெட்டிக்குள் அவர் ஐந்து மெரூன் துண்டுகளைப் போட்டார். அவள் கண்ணாடியைக் கழற்றினாள். மூன்றாவதைத் தூக்கி வெளியே வைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள். அவர் துண்டைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். அது மட்டும் வேறு சாயத்தொட்டியில் வந்தது.

"சரி சரி, இங்கயே இரு. ஆனா இனிமே தலைவலின்னு லீவு கேட்டு வராத."

அத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. சுவிட்சை அணைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, டியூப்லைட்டைத் துடிக்க வைத்த ஸ்டார்ட்டரைத் திருகிக் கழற்றினாள். இறங்கி வந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"வச்சுக்கங்க சார். மூணு வருஷம் நான் வாந்தி எடுத்தது இதாலதான்."

அடுத்த துணியை எடுத்து விரித்தாள்.