மாமியார் தாழிக்குள் நாதெலா

எங்கள் கக்கேத்திப் பக்கத்து ஆள் ஒரு வார்த்தை பேசி முடிப்பதற்குள் ஒரு தோட்டத்துக்கு வேலி கட்டிவிடலாம். நாதெலா மேற்கே இமெரேத்திப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி வந்த அன்று சாயங்காலத்துக்குள், எங்கள் ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு வருடம் பேசுவதை அவள் ஒருத்தியே பேசி முடித்துவிட்டாள்.

வாக்கப்பட்டது ஷோத்தாவுக்கு. ஷோத்தா வீட்டு ஒயின் கிடங்கில் ஏழு மண்தாழிகள், வாய் மட்டும் தரையோடு தெரியும்படி புதைந்து கிடக்கின்றன. திராட்சைச் சாறு, தோல், விதை எல்லாம் குளிர்காலம் பூரா அதற்குள் கிடந்துதான் ஒயினாகும். இருப்பதிலேயே பெரிய தாழிக்குப் பெயர் மாமியார். பெருத்த வயிறு, எவ்வளவு ஊற்றினாலும் போதும் என்று சொல்லாது, சூடேறினால் லேசில் ஆறாது. ஒரே வித்தியாசம், இந்த மாமியாருக்கு வாய் சின்னது.

தாழியைக் கழுவ ஆள் உள்ளே இறங்க வேண்டும். அது ஆம்பளை வேலை. ஒரு வருடம் ஷோத்தா இறங்கினான். கால் போனது, இடுப்பு போனது, வயிறு போகவில்லை. சாதாரண வயிறா அது? வயிறு இன்றைக்குத் தெருமுனை திரும்பினால் ஷோத்தா நாளைக்குத்தான் வந்து சேருவான். சூரியகாந்தி எண்ணெயைத் தடவி, அக்கம்பக்கத்து ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். நாதெலா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பொம்பளை இறங்கினால் ஒயின் காடியாகிவிடும் என்று ஊர் முணுமுணுத்தது. அந்த வருட ஒயினைக் குடித்த பாதிரியார், கல்யாணம் பண்ணிவைக்க வந்த இடத்தில் மாப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போனார். அதோடு முணுமுணுப்பு நின்றது. அன்றிலிருந்து கழுவுவது, நிரப்புவது, பொங்கி மேலே வரும் தோலைக் கிளறி அமுக்குவது எல்லாம் நாதெலாதான்.

மகன் ஜாபா வெளிநாட்டில் ஒயின் படிப்பு படித்துவிட்டு எவர்சில்வர் தொட்டிகளோடு வந்து இறங்கினான். தொட்டியைச் சுற்றிக் குழாய், குழாய்க்குள் குளிர்ந்த தண்ணீர். நாதெலா அதை எதிர்க்கவில்லை. தொட்டி ஒயினை ஒரு மடக்குக் குடித்தாள்.

"நல்லாத்தான்டா இருக்கு. குளிச்சு, தலைசீவி, பவுடர் போட்ட புள்ள மாதிரி. ஆனா வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்குதே."

மாமியாரிலிருந்து ஒரு குவளை மொண்டு அதில் ஊற்றிக் கலக்கிக் கொடுத்தாள். ஜாபா குடித்தான். மறுபடியும் குடித்தான். அந்தக் கலவைதான் இன்று எங்கெங்கோ போய் விற்கிறது.

விற்க விற்க, புட்டியில் அடைக்க இயந்திரம் வேண்டியிருந்தது. இயந்திரம் நிற்க மேடுபள்ளமில்லாத சிமெண்ட் தரை வேண்டும். கிடங்கின் கதவோரம்தான் தோதான இடம். கதவோரம் இருந்தது மாமியார். காலியாகக் கிடந்த தாழியில் மணலைக் கொட்டி மேலே சிமெண்டைப் போட்டு மூடிவிடலாம் என்று அப்பனும் மகனும் முடிவு செய்தார்கள். நாதெலாவிடம் சொன்னது சிமெண்ட் லாரி கிளம்பிய பிறகு.

அவள் ஒன்றும் பேசவில்லை. அப்போதே அவர்கள் பயந்திருக்க வேண்டும். ஏணியையும், தாழி தேய்க்கும் செர்ரி மரப்பட்டைத் தேய்ப்பானையும் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"எங்கம்மா போற?" என்றான் ஜாபா.

"மாமியாரைக் குளிப்பாட்ட."

"அதைத்தான் இன்னைக்கு மூடப்போறோமே."

"மூடு. நான் உள்ள இருக்கேன்."

இறங்கியவள் ஏணியையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். அவளை யார் போய்த் தூக்குவது? ஷோத்தாவின் வயிறு ஊருக்கே தெரிந்தது. ஜாபாவோ உடற்பயிற்சி செய்து செய்து தோளைக் கதவு அகலத்துக்கு வளர்த்து வைத்திருந்தான்.

லாரி வந்தது. ஓட்டுநர் உஷாங்கி இறங்கி வந்தான்.

"மணல் நெரப்பியாச்சா?"

"இல்ல," என்றான் ஜாபா. "எங்கம்மா நெரம்பியிருக்காங்க."

உஷாங்கி தாழிக்குள் எட்டிப் பார்த்தான். "நல்லாயிருக்கீங்களா அத்தை?"

"நல்லாயிருக்கேம்ப்பா. சாப்பிட்டியா?"

"எங்க சாப்பிட? சிமெண்ட் இறுகிடும் அத்தை, அவசரம்."

"எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

ஷோத்தா குனிந்தான். "ஏய் நாதெலா, மேல வர்றியா, இல்ல மூடியப் போட்டுக் களிமண் பூசவா? வசந்தத்துல தொறக்கறப்ப நல்லாப் புளிச்சுக் கெடப்ப."

"புளிக்கிறது நீ. நான் நாளாக ஆக ஏறுற ரகம்."

கத்திக்கொண்டே அவன் ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி, கம்பியில் கட்டி உள்ளே இறக்கினான். காற்று கெட்டிருந்தால் சுடர் அணைந்துவிடும்.

"எரியுதா?"

"எரியுது. என் வயிறு அதவிட நல்லா எரியுது."

ஜாபா படித்தவன் இல்லையா, கணக்கோடு வந்தான். "அம்மா, இது போனாலும் இன்னும் ஆறு தாழி இருக்கும்மா."

"உனக்கும்தான் பத்து வெரல் இருக்கு. எது வேணாம்னு சொல்லு."

"எல்லாத்துலயும் ஒரே திராட்சையத்தான ஊத்துறோம்?"

"ஒரே வயித்துல பொறந்தவன்லாம் ஒரே மாதிரியா இருக்கான்? உன் சித்தப்பனப் பாரு."

தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாத ஷோத்தா, தன்னை அறியாமல் சிரித்துவிட்டான். ஜாபா சிரிக்கவில்லை. மற்ற ஆறு தாழி ஒயினையும் ஒவ்வொன்றாகத் தொட்டி ஒயினில் கலந்து பார்த்து, வாயில் வைத்துத் துப்பியவன் அவன்.

"நாலு தலைமொறை ஒயின் குடிச்ச மண்ணுடா இது," என்று தாழி பேசியது. உள்ளேயிருந்து வந்த குரல் அலாசானி ஆற்றுக்கு அக்கரையில்கூடக் கேட்டிருக்கும். "இந்தக் கலவைய நான்தான் செஞ்சேன். பாதி உன்னோடது, பாதி என்னோடது. என் பாதிய மூட என்னைக் கேக்கல நீங்க. கொட்டணும்னா என் தலை மேல கொட்டு."

உஷாங்கி கையைப் பிசைந்தான். "யாராவது ஒரு முடிவு சொல்லுங்கண்ணே. திருப்பியும் கொண்டுபோக முடியாது. இன்னும் கொஞ்ச நேரம் போனா லாரியத் தூக்கிச் சந்தியில சிலையா வெச்சிட வேண்டியதுதான்."

"எதிர்ல கார் கொட்டகை இருக்கே," என்றது தாழி. "கதவு அகலம். கரண்டும் இருக்கு."

ஷோத்தாவின் முகம் செத்துப்போனது. கொட்டகையில் தூங்குவது அவனுடைய பழைய நீவா கார். அது ஓடி வெகுகாலமாகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துடைப்பான்.

"நீவா மழையில நனைஞ்சிருமேடி."

"நான் சிமெண்ட்ல நனையலாமா?"

ஜாபா போய்க் கொட்டகையை அளந்தான். இயந்திரத்தை அங்கே வைத்து, ஒயினை முற்றத்தின் குறுக்கே குழாய் போட்டுக் கொண்டுபோகலாம். அவன் திரும்பி வந்து அப்பாவைப் பார்த்தான். ஷோத்தா பெருமூச்சு விட்டான், கிடங்குத் தூசி முழுக்கப் பறந்தது. மூன்று பேரும் நீவாவைத் தள்ளி வெளியே நிறுத்தினார்கள்.

நாதெலா அப்போதும் வெளியே வரவில்லை. "கொட்டுற சத்தம் என் காதுக்கு வரணும்." வந்தது. கடைசிக் கட்டி விழும்வரை கேட்டாள்.

"கொட்டியாச்சு, வா," என்றான் ஷோத்தா.

"இனிமே முடிவு பண்றப்ப நான் எங்க இருப்பேன்?"

"மேசையிலதான்."

"மேசையில எந்தப் பக்கம்?"

ஷோத்தா உஷாங்கியைப் பார்த்தான். உஷாங்கி வானத்தைப் பார்த்தான். "தலைப் பக்கம்," என்றான் ஷோத்தா மெதுவாக. இதுவரை அது அவன் உட்கார்ந்த இடம்.

"காதுல விழல."

"தலைப் பக்கம்டி."

"சரி. தண்ணி இறக்குங்க. திராட்சை வர்றதுக்குள்ள இவ தயாரா இருக்கணும், பாதிதான் தேச்சிருக்கேன்."

அப்பனும் மகனும் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து இறக்கினார்கள். தண்ணீர் போதாது, சூடு பத்தாது, வாளி சுத்தமில்லை என்று தாழி அவர்களை ஏசிக்கொண்டே இருந்தது.