விட்டால்தான் பிடிக்கும்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு கொள்கை உண்டு. மனிதர்கள் பொய் சொல்வார்கள், மீட்டர் சொல்லாது. அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைகளில் தனியாக உட்கார்ந்தே வயதைக் கழித்த ஆளுக்கு அப்படித்தான் தோன்றும். உள்ளே ஏறிக் குதித்து விளையாடியவர்களே, "நாங்க ஒண்ணுமே பண்ணல, அதுவா நின்னுடுச்சு" என்று முகத்தைப் பார்த்துச் சத்தியம் செய்வார்கள். அவர் கழுத்தில் தொங்கும் வோல்ட் மீட்டரை எடுத்து வைத்துப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், வேலையை ஆரம்பித்துவிடுவார்.

வீட்டில் அந்தக் கொள்கை எடுபடவில்லை. அங்கே மனைவி இருந்தாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் முதல் ஷிஃப்டை நடத்துகிறவள். பெரிய டாக்டர்களே அவளிடம் பார்த்துத்தான் பேசுவார்கள். அவள் வாயிலிருந்து நேரான வார்த்தை வந்து அவர் கேட்டதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து தண்ணீர் கேட்டால், "குழாய் கிட்டத்துலதான் இருக்கு, கால்தான் தூரத்துல இருக்கு போல" என்பாள். பக்கத்து வீட்டு மோட்டாரைச் சரிசெய்யப் போனால், "ஊருக்கெல்லாம் வெளிச்சம், நம்ம வீட்டு பல்புதான் மாசக்கணக்கா எரியல" என்று சுவரிடம் சொல்வாள். எல்லாம் சாடை. இத்தனை வருடக் குடித்தனத்தில், அவள் எதைச் சொன்னாலும் அடியில் இன்னொரு அர்த்தம் இருக்கிறதா என்று துழாவிப் பார்ப்பது அவருக்குக் கைவந்த கலையாகிவிட்டது. அவள்மேல் அவருக்கு உயிர். பயமும் உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவர் துணிந்ததில்லை.

அவர்களிடம் ஒரு கார் இருந்தது. நீண்ட மூக்கும் உருண்டைக் கண்களுமாக, பாசிப்பச்சை நிறத்தில், அவள் அப்பா விட்டுப்போன கார். மகன் இருக்க மகளுக்கு ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம் கிழவர், "அவன் வண்டிய ஓட்டுவான். இவ வெச்சுக்குவா" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டார். வைத்துக்கொள்ளத்தான் செய்தாள். பஸ் ஓட ஆரம்பிக்காத விடியலில் அவள் வேலைக்குப் போவது அதில்தான்.

அந்தக் குளிர்காலத்தில் வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. கண்ணாடியில் பனி உறைந்திருக்கும் நேரத்தில் அவள் போய்ச் சாவியைத் திருகினால் செல்ஃப் மோட்டார் மட்டும் ‘உர் உர்’ என்று சுற்றும், எஞ்சின் எழுந்திருக்காது. சில நாள் அரை மணி நேரம் மல்லுக்கட்டி எப்படியோ கிளம்புவாள். சில நாள் தெருமுனைவரை ஓடி, பால் வண்டிக்காரரிடம் கெஞ்சி ஏறிக்கொள்வாள். மதியம் அவர் போய்த் தொட்டால் அதே வண்டி சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும். எவ்வளவு அவமானம் பாருங்கள்.

"உனக்கு ஸ்டார்ட் பண்ணத் தெரியல. சாவிய ஒரு தட்டு தட்டி விடணும்" என்றார் அவர். வாயில் சனி.

"ஆமாம், இத்தனை வருஷமா நான் தள்ளிக்கிட்டுத்தானே போனேன்" என்றாள் அவள்.

ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. பிளக் மாற்றினார். பாயின்ட் மாற்றினார். கண்டன்சர், காயில், கடைசியில் பேட்டரி. சாவியைப் போட்டு, பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் அந்தக் காயிலில் மீட்டரை வைத்துப் பார்த்தார். எவ்வளவு வோல்ட் வர வேண்டுமோ அவ்வளவும் வந்தது. ஒருநாள் விடியற்காலையில், மாலை ஷிஃப்டு முடித்து வந்த தூக்கக் கண்ணோடு அவரே எழுந்துபோய்ப் பார்த்தார். "சாவியைத் தொடாத, தள்ளி நில்லு" என்று அவளை விலக்கிவிட்டு அளந்தார். அப்போதும் சரியாகவே இருந்தது. பிறகு தன் பாணியில் இரண்டு தட்டு தட்டினார், வண்டி இருமிக்கொண்டே எழுந்தது. மீட்டரும் அவர் பக்கம், வண்டியும் அவர் பக்கம். அவள் ஒன்றும் பேசாமல் ஏறிப்போனாள். அவள் பேசாமல் போனது அவருக்கு நாள் முழுக்க உறுத்தியது.

அந்த வாரமே அவள் மறுபடியும் தாமதமாகப் போனாள். நோயாளிகளுக்குக் காலைக் கஞ்சி ஆறிப்போய்த்தான் போய்ச் சேர்ந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் முதல் ஷிஃப்டு வேறு ஆளுக்கு என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல், சாவியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"விட்டாத்தாங்க பிடிக்குது. பிடிச்சுக்கிட்டே இருந்தா ஒண்ணும் நடக்கல."

லிஃப்ட் மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அவர் வழக்கம்போல அடியில் துழாவினார். கிடைத்துவிட்டது. ‘எதையாவது நீ விட்டால்தான் எனக்கு உன்னைப் பிடிக்கும். உன் பிடிவாதத்தையே பிடித்துக்கொண்டிருந்தால் குடும்பம் நடக்காது.’ வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? பாவம் அவர். இவ்வளவு காலத்துக்குப் பிறகு அவளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லையா?

எதை விடுவது என்று அவள் சொல்லவில்லை. கேட்கவும் பயம். ஆகவே ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். ஷேவ் பண்ணும்போது பாடுவதை விட்டார். ஈரத் துண்டை நாற்காலியில் போடுவதை விட்டார். அவள் சமைக்கும்போது பின்னால் நின்று யோசனை சொல்வதை விட்டார். முக்கியமாக, வண்டியைப் பற்றி வாயைத் திறப்பதையே விட்டார். சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்த அன்று அவள் பக்கத்தில் வந்து நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா? எங்கிட்ட மறைக்காதீங்க."

"ஒண்ணுமில்லம்மா. விட்டுட்டேன்."

"எதை?"

"எல்லாத்தையும்தான்."

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். வீட்டில் சண்டை நின்றது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. கடைசியில் அவளே தம்பிக்குப் போன் செய்தாள். அவன் ரொம்ப நாளாகவே அப்பாவின் காரைக் கேட்டுக்கொண்டிருந்தான். பதிலுக்குத் தன்னுடைய சின்னக் காரைத் தருவதாகச் சொல்லியிருந்தான். "ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துட்டுப் போ" என்று சொல்லி போனை வைத்தவள், துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா இறந்த அன்றுகூட அவள் அப்படித்தான் எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கு நினைவு வந்தது. மீட்டரைத் தூக்கிக் குப்பையில் போடலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பனி விலகும் முன்பே தம்பி தன் காரில் வந்து இறங்கினான். "கடைசியா ஒரு தடவை நானே எடுத்துக் குடுக்கறேன்" என்று அக்கா பாசிப்பச்சைக் காரில் ஏறி உட்கார்ந்தாள். சோக்கை இழுத்து, சாவியைத் திருகிப் பிடித்தாள். உர் உர் உர். நீண்ட நேரம் அப்படியே பிடித்திருந்தாள். அலுத்துப்போய்க் கையை எடுத்த நொடியில் எஞ்சின் ஒரே ஒரு தும்மல் போட்டு அடங்கியது. மறுபடியும் அதே கதை.

பானெட்மேல் கைவைத்து நின்ற தம்பி திரும்பினான். "என்ன மாமா இது? விட்டாத்தான் பிடிக்குது!"

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. "உங்க அக்கா உனக்கும் சொல்லிக் குடுத்துட்டாளா? நான்தான் எல்லாத்தையும் விட்டுட்டேனே மாப்ள. இன்னும் என்ன விடணும்?"

"நீங்க ஏன் மாமா விடணும்? சாவியை விட்டாத்தான் எஞ்சின் பிடிக்குதுன்னேன். பிடிக்கறதுன்னா ஸ்டார்ட் ஆகறது. எங்க அப்பா அப்படித்தான் சொல்வாரு, ‘வண்டி பிடிச்சுக்கிச்சுடா, ஏறு’ன்னு. எங்க வீட்டுல எல்லாருமே அப்படித்தான் சொல்வோம்."

மெக்கானிக் காருக்குள் பார்த்தார். அவள் ஸ்டீயரிங்மேல் கைவைத்தபடி, "அதைத்தானே நானும் மேசைகிட்ட நின்னு சொன்னேன்" என்றாள்.

சொன்னாள்தான். குடித்தனம் நடத்திய காலம் முழுவதிலும் அவள் நேராகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான் போலிருக்கிறது. அதைப் போய் அவர் சாடை என்று எடுத்துக்கொண்டிருந்தார். வெட்கத்தில் காது மடல் சூடானது. அதோடு ஒரு பெரிய நிம்மதியும் வந்தது, அதை மறைக்க முடியாமல் சிரித்துவிட்டார். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சிரித்து முடித்ததும் அவருடைய மூளை வேலை செய்தது. செல்ஃப் சுற்றும்போது காயிலில் வோல்ட் எவ்வளவு என்று அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்? அதற்கு இரண்டு பேர் வேண்டும், அவர் எப்போதும் தனி ஆள். ஓடிப்போய் டெஸ்ட் லேம்பைக் கொண்டுவந்து ஒரு முனையைக் காயிலில் மாட்டினார்.

"சாவியப் போடும்மா" என்றார். லேம்ப் எரிந்தது. "இப்ப செல்ஃப் அடி. விடாத, நான் சொல்ற வரைக்கும் பிடிச்சுக்க."

செல்ஃப் சுற்றியது. லேம்ப் பட்டென்று அணைந்தது. "இப்ப விடு!" விட்டாள். லேம்ப் மறுபடியும் எரிந்தது, எஞ்சினும் ஒரு தும்மல் போட்டது.

"பாத்தியா மாப்ள" என்றார். "சாதாரணமா இந்தக் காயிலுக்கு ஒரு ரெசிஸ்டர் வழியா அளவாத்தான் கரண்ட் வரும். செல்ஃப் சுத்தும்போது பேட்டரி மூச்சு வாங்கும். அதனால அந்த நேரத்துக்கு மட்டும் ரெசிஸ்டரை விட்டுட்டு, ஸ்டார்ட்டர் பக்கத்துலேருந்து தனி ஒயர்ல நேரா வரணும். அது வரல. சாவியை விட்டதும் பழைய வழியில கரண்ட் வருது. எஞ்சின் சூடா இருந்தா, விட்ட பிறகும் கொஞ்சம் சுத்தும், அந்த வேகத்துல எழுந்துக்கும். குளிர்ல ஆயில் இறுகிப் போய் உடனே நின்னுடும்."

"அப்ப நீங்க ஒரு தட்டு தட்டுவீங்களே?" என்றாள் அவள்.

"தட்டிட்டு உடனே விட்டுடுவேன். விடற ஒவ்வொரு தடவையும் கரண்ட் வரும். அதனாலதான் எனக்கு ஸ்டார்ட் ஆச்சு. கெட்டிக்காரத்தனம் ஒண்ணும் இல்ல."

மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். ஸ்டார்ட்டருக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அந்த ஒயரின் முனை பச்சை பூத்து, இற்றுப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. புது முனை போட்டு முறுக்கி விட்டு வெளியே வந்தார். இந்த முறை அவள் சாவியை விடுவதற்குள்ளேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

தம்பிக்கு வண்டியை விட மனசு இல்லை. "இவ்வளவு நேரம் சுத்தி எஞ்சின் சூடாகிடுச்சுக்கா. நாளைக்கு விடிகாலை பிடிக்கட்டும், வண்டி உனக்கு. பிடிக்கலன்னா எனக்கு. சரியா?" என்றான்.

"சரி" என்றாள் அவள்.

"என்ன மாமா, உங்க மீட்டருக்கே தெரியாத விஷயமா இது?" என்று அவன் போகிற போக்கில் சீண்டினான்.

"உங்க அக்கா அன்னைக்கே சொல்லிட்டா மாப்ள. எனக்குத்தான் தமிழ் புரியல" என்றார் மெக்கானிக். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கன்னத்தில் குழி விழுந்ததை அவர் பார்த்துவிட்டார்.

மறுநாள் விடியற்காலையில் அவரும் எழுந்து சட்டையை மாட்டினார். அவள் வேண்டாம் என்றாள். "நீங்க பக்கத்துல நின்னா, வண்டி உங்களுக்குப் பயந்து பிடிச்சுதுன்னு சொல்லிட்டுத் திரிவீங்க. படுங்க."

படுத்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டார். வாசல் கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடியில் உறைந்திருந்த பனியை அவள் சுரண்டும் சத்தம் வந்தது. கார் கதவு திறந்து மூடியது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அவள் பயத்தில் சாவியைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. கடவுளே, அவளுக்காகவாவது, என்று வேண்டிக்கொண்டார். சாமி கும்பிடுகிற ஆள் இல்லை அவர்.

செல்ஃப் சுற்றியது. சுற்றும்போதே, அந்தச் சத்தத்துக்கு உள்ளிருந்தே எஞ்சின் பிடித்துக்கொண்டு உறுமியது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

வண்டி நகரும் என்று காத்திருந்தார். நகரவில்லை. எஞ்சின் அங்கே ஓடிக்கொண்டிருக்க, வாசல் கதவு திறந்தது. கோட்டில் குளிர் ஒட்டியிருக்க, அவள் படுக்கையறை வாசலில் வந்து நின்றாள்.

"கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சும்மா" என்றார் அவர்.