மணி அடிக்கும் அப்பு

என் மாமனார் பேயாக அலைகிறார் என்ற செய்தி எங்களுக்கு ஃபோனில்தான் வந்தது. கலேவெலயில் இருக்கும் என் மனைவியின் அத்தை, அதாவது மாமனாரின் தங்கை, ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் பழைய துரை பங்களாவை இப்போது ஹோட்டல் ஆக்கியிருக்கிறார்கள். அங்கே தங்கி வந்த யாரோ ஒருவன் எடுத்தது அது. சுவரில் மாட்டியிருந்த பழைய படத்தில், துரைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுடன் நிற்கும் மாமனாரின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தான். இந்த அப்புதான் இன்னும் இங்கே நடமாடுகிறாராம். கூடவே பயமுறுத்துகிற பாட்டுச் சத்தம் வேறு.

அப்பு என்றால் பங்களாச் சமையல்காரர். அந்த வேலையை மாமனார் நாற்பது வருடம் பார்த்தார். கடைசியில் சீனி வருத்தம் முற்றி, மாத்தளை ஆஸ்பத்திரியில், வார்டு நிறைய ஆட்கள் இருந்த பகல் வேளையில், மகள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். இதில் பேய் எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. மாமனாரின் மகன், என் மச்சான், கட்டாரில் வேலை செய்கிறார். சாவுக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் கொள்ளி வைத்தது நான். மொட்டை போட்டு, பதினாறாம் நாள் கருமாதி செய்து, ஆற்றில் பிண்டம் கரைத்ததும் நான்தான். ஐயர் சொன்னதில் ஒன்றைக்கூட நான் விடவில்லை. முருகனுக்குத் தெரியும்.

"மகன் வைக்க வேண்டிய கொள்ளிய மருமகன் வச்சா அந்த உசுரு எப்பிடிம்மா போகும்? இப்ப பாரு, பங்களாவிலயே நிக்குது" என்றார் அத்தை. மச்சானை வரவழைத்து எல்லாவற்றையும் முதலில் இருந்து செய்ய வேண்டும் என்று ஒரே பிடி.

என் மனைவி என்னை ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை நான் மாமனார் படத்துக்குக் கற்பூரம் காட்டப் போனபோது, "குடுங்க, நான் காட்டுறேன்" என்று தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவளும் அத்தை சொன்னதை நம்பிவிட்டாள் என்று எனக்கு அப்போதே விளங்கியது. அந்த மனுஷனை நெருப்பில் வைத்த கை இது. அது சரியில்லை என்றால் நான் எங்கே போய்ச் சொல்வது?

நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று ஒரு சனிக்கிழமை, விபூதி பூசிக்கொண்டு, எங்கள் வீடு இருக்கும் அலுவிகாரையிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அவள் பிறந்து வளர்ந்தது அந்தப் பங்களாவின் பின்கட்டில், குசினியை ஒட்டிய அறையில். அந்த அறையில் இப்போது எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுகிறார்கள். முன்வாசலில் வெள்ளைச் சாரமும் கோட்டும் போட்ட பையன்கள் வருகிறவர்களுக்கெல்லாம் குனிந்து கும்பிடு போடுகிறார்கள். எங்கள் ஆட்கள் ஒரு காலத்தில் வேறு வழியில்லாமல் போட்ட கும்பிடு அது. சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும் வந்தன. தோட்டத் தொழிலாளர் லயத்தில் விடியக்காலையில் தின்ற அதே ரொட்டி, இங்கே கறுப்புக் கல்பலகையில், மேலே ஒரு பூ வைத்து.

மூன்று மணிக்குப் பேய் காட்டுகிறோம் என்று கூப்பிட்டார்கள். வெளியே நல்ல வெயில். பேய்க்கு வெயில் ஆகாது போல, ஹோலின் திரைகளையெல்லாம் இழுத்து மூடி, மெழுகுதிரி கொளுத்தி வைத்தார்கள். ஏழெட்டுப் பேர் நின்றோம். கதை சொன்னவர் மெனேஜர், கொழும்பிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளை. முதலில் இங்கிலீஷில், பிறகு சிங்களத்தில், எங்களுக்காகத் தமிழில் என்று மூன்று முறை சொன்னார். அப்பு துரையின் மனைவி துரைசானிமேல் ஆசைப்பட்டாராம். அது துரைக்குத் தெரிந்ததும் சாமான் அறையில் தூக்குப் போட்டுக்கொண்டாராம். உண்மையில் அந்தத் துரைசானி, சூப்பில் உப்பு கூடிப்போச்சு என்று கோப்பையை மாமனார் மேலேயே வீசியவர். இவர்களுக்கு அது காதலாகிவிட்டது. மனைவி என் கையைப் பிடித்திருந்தாள்.

மெனேஜர் மேசையிலிருந்த பித்தளை மணியைத் தூக்கி ஆட்டினார். தினமும் சாமம் மூன்று மணிக்கு அப்பு வந்து இந்த மணியை அடிக்கிறாராம்.

மனைவி என் கையை விட்டாள்.

"யாரு அடிக்கிறதுன்னு சொன்னீங்க, தம்பி?"

"அப்புதாங்க."

"மணி அடிக்கிறது துரை. சத்தம் கேட்டு ஓடிவாறதுதான் அப்பு. நாப்பது வருஷமா எங்கப்பா இந்த மணிய தொடச்சி தொடச்சி வச்சாரு. ஒரு தரம் அடிச்சதில்ல. அப்பு மணி அடிச்சா அன்னைக்கே வேல போயிரும்."

அங்கே நின்ற ஒரு சிங்கள அம்மாவுக்குத் தமிழ் தெரியும் போல. குபுக்கென்று சிரித்துவிட்டார். மெனேஜர் முகம்தான் பேயைக் கண்ட முகமாக இருந்தது. எங்களைத் தனியே கூட்டிப்போய், அப்புவின் மகள் என்று தெரியாது, மன்னித்துக்கொள்ளுங்கள், வருகிறவர்கள் ஏதாவது கதை கேட்கிறார்கள் என்று குழைந்தார். குழைந்த வாயாலேயே, மகள் என்ற முறையில் வீடியோவில் நாலு வார்த்தை பேச முடியுமா என்றும் கேட்டார். வெட்கம் என்ற ஒன்று அந்தத் தோட்டத்தில் இப்போது முளைப்பதில்லை.

"எங்கப்பா இங்க இல்ல" என்றாள் அவள். "இவருதான் கொள்ளி வச்சாரு. ஒரு கொறையும் இல்லாம செஞ்சு அனுப்பிவச்சாரு. போய்ச் சேந்துட்டாரு."

நான் கேட்காமலேயே சொன்னாள், வெளியாள் முன்னால்.

மெனேஜர் யோசித்துவிட்டு, அப்படியென்றால் இனி துரை மணி அடிக்கிறார் என்று சொல்கிறோம் என்றார். தாராளமாகச் சொல்லட்டும். துரைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க யாராவது இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. அது அவர்கள் பாடு. அத்தை அனுப்பிய அந்தப் பேய் வீடியோவை இணையத்திலிருந்து இன்னும் நீக்கவில்லை. பார்க்கிறவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் அவள் அத்தைக்கு ஃபோன் போட்டாள். மணி விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் அத்தை நீளமாக ஏதோ பேச, இவள் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அண்ணன வரச்சொல்ல வேணாம், அத்த. வாற மாசம் திதியும் இவரே குடுப்பாரு" என்றாள்.

நான் ஓட்டோ வருகிறதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.