கவர் போடாத பெட்டி

கழுத்தில் தொங்கும் டேப்பை உருவி, கணினிக் கடை மேசைமேல் இருந்த சின்னப் பெட்டியை அளந்துகொண்டிருந்தார் கவர்க்காரர். கடைக்காரர் விலையைச் சொல்ல வாயெடுத்தார். "இருங்க, உயரம் பாத்துடறேன்" என்று இவர் கையமர்த்திவிட்டுக் குனிந்தார்.

எங்கள் வீட்டுக்கு நேர் கீழ்வீடு அவருடையது. தொழில் உறை தைப்பது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஸ்கூட்டர், சோபா என்று எதைக் கொடுத்தாலும் இம்மி பிசகாமல் தைத்துத் தருவார். வீட்டில் டிவி ரிமோட்டுக்குக்கூட உறை உண்டு, காஸ் சிலிண்டருக்குக் கொசுவம் வைத்த பாவாடை. அந்த வீட்டில் சட்டை போடாமல் இருப்பது அவர் ஒருவர்தான். "தூசி இருக்கே சார், அது பொருளைத் தின்னுடும்" என்பார்.

இப்படிப்பட்டவருக்கு கேம் விளையாடும் கணினி எதற்கு என்று கேட்பீர்கள். மகளுக்காகத்தான். வெளியூரில் நல்ல வேலையில் இருந்த பெண். ஆட்குறைப்பில் வேலை போய் வீடு திரும்பியவள் அறைக்குள் போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள். பழைய லேப்டாப்பில் எந்நேரமும் விளையாட்டு. சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், வெளியே வரும். அவ்வளவுதான் நடமாட்டம். அவர் திட்டவில்லை, யோசித்தார். "அவ ரூமுக்கே வாங்கிக் குடுத்தா கதவு இன்னும் கெட்டியாயிடும் சார். ஹால்ல வெச்சா வெளியே வந்துதானே ஆகணும்?" நடுக்கூடத்து டிவிக்குக் கீழே ஒரு தட்டு காலியாக இருந்தது. அதில் அடங்குகிற பெட்டி வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது. அலுவலகத்தில் கணினி முன்னால் உட்காருகிறவன் என்ற ஒரே தகுதியில் என்னைத் துணைக்கு அழைத்துப் போனார். குருடனுக்குக் குருடன் வழிகாட்டிய கதைதான்.

கடைக்காரர் ரேம் பதினாறா முப்பத்திரண்டா என்று கேட்டார். சட்டை அளவைப்போல அதை எடுத்துக்கொண்ட இவர், நடுவில் இருபத்தைந்து இருக்கிறதா என்றார். கிராபிக்ஸ் கார்டு என்றதும் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். எல்லாவற்றையும்விட அவரைக் குழப்பியது விலைதான். பெரிய பெட்டி மலிவு, அதே வேலையைச் செய்யும் சின்னப் பெட்டி விலை அதிகமாம். "துணி கம்மியானா கூலியும் கம்மிதானே ஆகணும்? இது என்ன நியாயம்?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். ஆட்டோவில் பெட்டியை மடியிலிருந்து இறக்கவேயில்லை.

"கூப்பிட்டா வராதவ பொட்டிக்கா வரப்போறா?" என்றாள் அவர் மனைவி. ஆனால் மகள் வந்தாள். ஒயர்களைத் தானே மாட்டினாள், சோபாவில் சம்மணமிட்டு உட்கார்ந்து விளையாடினாள், அங்கேயே சாப்பிட்டாள். கவர்க்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த மகிழ்ச்சியில் அவருக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். மெரூன் ரெக்சினில், ஓரத்துக்கு வெள்ளைப் பட்டி கொடுத்து, சுவிட்சுக்கும் ஒயருக்கும் மட்டும் துளை விட்டு ஓர் உறை தைத்தார். மறுநாள் ஏதோ புது விளையாட்டு இறங்கட்டும் என்று பெட்டியை ஓடவிட்டுவிட்டு அவள் குளிக்கப் போயிருந்தாள். டிவி அணைந்திருந்தது. பெட்டி தூங்குகிறது என்று நினைத்து இவர் உறையை மாட்டிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் பெட்டி ஹோவென்று இரைந்தது, பிறகு அடங்கியே போனது. தலையைத் துவட்டிக்கொண்டு வந்த மகள் உறையை இரண்டு விரலால் தூக்கினாள். பெட்டியைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள். சுவிட்சை அழுத்தினாள், உயிர் வரவில்லை. அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

உறையைக் கையில் பிடித்தபடியே மாடியேறி என்னிடம் வந்தார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நின்றார். "நல்லதுதானே சார் செஞ்சேன்? கோபம் பொட்டி மேலயா, என் மேலயா, ஒண்ணும் புரியல. ஏதாவது ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலை." எனக்குப் பாவமாக இருந்தது. கடைக்காரருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன். மூடி வைத்தீர்களா என்றார். "நல்லா இறுக்கமாத்தான் மூடினேன்" என்று இவர் பக்கத்திலிருந்து பெருமையாகச் சொன்னார். சின்னப் பெட்டி, சூடு சீக்கிரம் ஏறும், காற்று போக வழி வேண்டும், சூடு தாங்காமல் தானே அணைந்திருக்கும், ஆறட்டும் என்றார் கடைக்காரர்.

கீழே இறங்கிப் போய் ஆறவிட்டோம். கவர்க்காரர் பெட்டிக்கு விசிறிவிட்டார், அவர் மனைவி அவரை முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு நான்தான் சுவிட்சை அழுத்தினேன். நீல விளக்கு எரிந்தது, டிவியில் இசை வந்தது. அறைக்கதவு திறந்தது.

"ஆன் ஆயிடுச்சா?"

யாரும் பதில் சொல்வதற்குள் சோபாவில் வந்து உட்கார்ந்துவிட்டாள். திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அப்பா, இதுக்கு சட்டை எல்லாம் வேண்டாம்பா. காத்து வேணும்."

"சரிம்மா" என்றார். ஆனாலும் உறையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். மின்விசிறிக் காற்றில் அவளுடைய அறைக்கதவு மெல்லச் சாத்திக்கொள்ளப் பார்த்தது. கவர்க்காரர் எழுந்து போனார். வெள்ளைப் பட்டி வைத்துத் தைத்த அந்தப் புது உறையை நான்காக மடித்து, கதவுக்கு அடியில் செருகி, நகராதபடி காலால் ஒரு மிதி மிதித்தார்.