எத்தனை அடி நடந்தீர்கள்?

எஸ்டேட்டுக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் மலை ரயில் ரோட்டைக் கடக்கும் இடத்தை நாங்கள் 'கேட்' என்று சொல்வோம். கேட் என்று எதுவும் அங்கே கிடையாது. காவலுக்கு ஆளும் கிடையாது. ஆளுயரத்துக்கு உண்ணிச்செடியும், எழுத்து உதிர்ந்த ஒரு பலகையும் இருந்தன. அதோடு ஒரு வழக்கமும் உண்டு. டிரைவர் வண்டியை நிறுத்துவார். அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் இறங்கி, தண்டவாளம் வரை நடந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கை காட்டுவார். அது கிளீனர் வேலை. கிளீனர் லீவு போட்டால், அந்த சீட்டில் உட்கார்ந்தவரின் வேலை.

அன்று கிளீனர் லீவு. எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்காக இருந்த நான் ஃபேக்டரிக்குப் போக வேண்டியிருந்ததால் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லாரியில் ஏறிக்கொண்டேன். மழை. கூடவே மூடுபனி. காலில் புது ஷூ. இதெல்லாம் நான் பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானங்கள். நான் இறங்காததற்கு உண்மையான காரணம், கதை சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதுதான். துரை பங்களா நாய் வருகைப் பதிவேட்டைத் தின்ற கதை. அப்போதே பத்திரிகைகளில் நாலு நகைச்சுவைத் துணுக்கு எழுதியிருந்தேன். அந்த வியாதி உள்ளவனுக்கு நேரில் ஒரு ரசிகர் கிடைத்துவிட்டால் போதும், கூரை தீப்பிடித்தாலும் தெரியாது.

டிரைவர் லாரியை நிறுத்தினார். "எறங்கிப் பாத்துப்போட்டு வாங்க சார். மிச்சத்த வந்து சொல்லுங்க."

முடிவுக்கு இரண்டே வாக்கியம் பாக்கி. நான் ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் நீட்டினேன். எஞ்சின் சத்தம் எங்கோ கீழே கேட்டது. "அது இன்னும் கீழ் வளைவுல முக்கிட்டு கெடக்கு. நீங்க போங்க" என்றேன்.

எஞ்சின் கீழேதான் இருந்தது. ஆனால் மேலே ஏறும்போது எங்கள் ரயிலை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும், பெட்டிகள்தான் முன்னால் வரும். மலையில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். 'பின்னாலிருந்து தள்ளினால்தான் நம்மவர்கள் முன்னேறுவார்கள்' என்று இதை வைத்து ஒரு கட்டுரையே எழுதிச் சன்மானமும் வாங்கியிருக்கிறேன்.

லாரி நகர்ந்தது. நான் கதையை முடித்தேன். அவர் சிரித்தார். வலது பக்கப் பனியிலிருந்து முதல் பெட்டி வந்தது. அது மெதுவாகத்தான் வந்தது. ஒரு லாரியைப் பள்ளத்தில் உருட்ட அந்த வேகமே போதும்.

எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவர் லாரிக்கு அடியில் இருந்தார்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டபோது, "ஒண்ணும் ஞாபகமில்லை" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். பனியில் லாரி தண்டவாளத்தின் மேல் வந்த பிறகே பார்த்ததாக ரயில்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அதனால் முதல் தகவல் அறிக்கை சுலபமாக முடிந்தது: நிறுத்தாமல் கடந்தது குற்றம், குற்றம் சாட்டப்பட்டவர் டிரைவர், இறந்துவிட்டார். தொழிலாளர் லைன் வீடுகளில் அதற்கு மேல் ஒரு வரி சேர்த்தார்கள்: குடித்திருந்தார்.

டிரைவரின் மனைவி எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். என் கட்டு அவிழ்ப்பதற்குள் மூன்று முறை வந்துவிட்டார்.

"அவரு நிறுத்தாமப் போற ஆளில்லீங்க சார். வெறும் ரோட்லயே ஹாரன் அடிச்சிட்டுப் போவாருங்க. செத்தவரு மேல கேஸ் போட்டுருக்காங்க. நஷ்டஈடு வந்தா வருது, வராட்டிப் போவுது. நிறுத்துனாருன்னு ஒருத்தரு சொன்னாப் போதுங்க. உங்களுக்கு ஞாபகம் வந்துச்சுங்களா?"

"இன்னும் வரலைம்மா."

இலவச சட்ட உதவியில் அவருக்குக் கிடைத்த வக்கீல் ஊட்டியில் இருந்தார். ரயில்வே, லாரி இன்சூரன்ஸ் இரண்டின் மீதும் போட்ட நஷ்டஈட்டு வழக்கில் எங்கள் பக்கம் நான் ஒருவன்தான் சாட்சி என்பதால் என்னையும் வரச் சொன்னார். சட்டப் புத்தகத்தைத் திறந்து படித்துக் காட்டினார். ஆளில்லாத கிராசிங்கில் டிரைவர் வண்டியை நிறுத்த வேண்டும். கிளீனரோ, வண்டியில் இருக்கும் வேறு எவரோ இறங்கி நடந்து போய்ப் பார்க்க வேண்டும். நாங்கள் வழக்கம் என்று நினைத்திருந்தது சட்டமாகவே இருந்தது. வாழ்நாளில் எனக்கென்று சட்டம் கொடுத்த ஒரே பதவி 'வேறு எவரோ'. அதையும் காலியாக விட்டிருந்தேன்.

வக்கீல் புத்தகத்தை மூடினார். "சார், எறங்கிப் பாத்தேன், விசில் கேக்கல, ரயிலும் தெரியல. இதைச் சொல்லுங்க, அந்தம்மா கேஸ் ஜெயிச்சிரும். கதை எழுதறவருக்கு இதென்ன பெரிய கஷ்டம்?"

கஷ்டமே இல்லை. கூண்டில் ஏறினேன். நிறுத்தினார், நான் இறங்கினேன், நடந்தேன், பார்த்தேன் என்று தங்குதடையில்லாமல் சொன்னேன். டிரைவரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, முதல்முறையாக என்னை நன்றியோடு பார்த்தார்.

ரயில்வே தரப்பு வக்கீல் நிதானமாக எழுந்தார். ஒரே ஒரு கேள்விதான்.

"லாரியிலேர்ந்து தண்டவாளத்துக்கு எத்தனை அடி நடந்தீங்க?"

எட்டு என்றிருக்கலாம். இருபது என்றிருக்கலாம். யார் போய் அளக்கப் போகிறார்கள்? ஆனால் ஒரு எண்கூட வாயில் வரவில்லை.

"நடக்கலைங்க. நான் எறங்கவே இல்ல. அவரு நிறுத்துனாரு, எறங்கிப் பாருங்கன்னு சொன்னாரு. நான்தான் ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டுப் போங்கன்னேன்."

எங்கள் வக்கீல் பேனாவை மூடினார்.

வெளியே வராந்தாவில் டிரைவரின் மனைவி என்னிடம் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"எறங்கச் சொன்னாருங்களா?"

"சொன்னாரும்மா."

"அப்புறம்?"

"நான் ஒரு கதை சொல்லிட்டிருந்தேன். அவரு சிரிச்சாரு."

"எறங்கியிருக்கலாமுங்க" என்றார். அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

மூன்று மழைக்காலம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ரயில்வே மீது தவறில்லை. லாரியின் இன்சூரன்ஸிலிருந்து டிரைவரின் மனைவிக்குக் கொஞ்சம் கிடைத்தது, கேட்டதைவிட மிகக் குறைவு. ஆனால் டிரைவர் வண்டியை நிறுத்தினார் என்று தீர்ப்பில் ஒரு வரி இருந்தது. அதை மட்டும் வக்கீலிடம் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

திரும்பும்போது இருவருக்கும் ஒரே மினி பஸ்தான். வேறு பஸ் கிடையாது, வேறு ரோடும் கிடையாது. மழை. கேட் வந்ததும் பஸ் நின்றது. கண்டக்டர் படியில் நின்றபடியே தலையை நீட்டிவிட்டு, "ரைட், போலாம்!" என்றார்.

"எறங்கிப் பாருங்க." முன் சீட்டிலிருந்து அந்தம்மாவின் குரல்.

"டிரெயின் போயி ரொம்ப நேரமாச்சும்மா. நனையறதுக்கா எறங்கச் சொல்ற?"

பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். அவர் எழுந்து திரும்பினார். எல்லோரையும் தாண்டி, கடைசி சீட்டில் இருந்த என்னைப் பார்த்தார்.

"நீங்க எறங்குங்க சார்."

இறங்கினேன். மழையில் தண்டவாளம் வரை நடந்தேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். ரயில் எதுவும் இல்லை. திரும்பிக் கை காட்டினேன்.

பன்னிரண்டு அடி.