பேட்டரி மாத்தி

1. கூலிமில் பனி பெய்தால்

மலேசியாவில், கெடா மாநிலத்துக் கூலிம் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்த்து, சார்ஜர் போர்டுகளைச் சோதித்துச் சோதித்துக் கண் எரிந்துபோன பிறகு, டவுனில் ஒரு சின்னக் கடை போட்டேன். சோலார், இன்வெர்ட்டர், பேட்டரி. இப்போது கடையை மகள் பார்த்துக்கொள்கிறாள். நான் வாயை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள், "லிதியம் பேட்டரியை எதைப் பாத்து வாங்குறது ஆன்ட்டி?" என்று கேட்கிறார்கள். விளம்பரத்தைப் பார்த்து வாங்காதே என்பது முதல் பதில். மீதியை ஆரோக்கியம் அண்ணன் கதையாகச் சொல்கிறேன்.

ஆரோக்கியம் அண்ணன் பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர். என்னைவிட மூத்தவர்தான், ஆனாலும் என்னை அக்கா என்பார். கெடாவில் கடையில் உட்கார்ந்திருப்பவள் எல்லாருக்கும் அக்காதான். அந்தப் பழைய வேனின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, குளிருக்கு ஏர்கோன் எல்லாம் வைத்து, படுத்துத் தூங்கிப் பயணம் போகிற வண்டியாக மாற்றியிருந்தார். மின்சாரத்துக்குத்தான் என்னிடம் வந்தார். வரும்போதே போனை நீட்டினார்.

"அக்கா, இந்த பேட்டரி பாருங்க. ஆன்லைன்ல போட்டிருக்கான். பனி கொட்டுற இடத்துலகூட வேலை செய்யுமாம் லா. உள்ளேயே ஹீட்டர் இருக்காம்."

"கூலிம்ல கடைசியா எப்பண்ணே பனி கொட்டுச்சு?"

"ஒரு சேஃப்டிக்குத்தான் அக்கா."

"அப்ப வண்டி மேல கப்பல் நங்கூரம் ஒண்ணும் கட்டிக்குங்க. அதுவும் சேஃப்டிதான்."

சிரித்தார், ஆனால் அதை விட மனசு வரவில்லை. இங்கே மத்தியான வெயிலில் வேனுக்குள் ஆள் வெந்துவிடுவான். நமக்குக் கவலை சூடு. விற்கிறவன் தருவது ஹீட்டர். வாங்குகிறவர் அதற்கும் சந்தோஷமாகத் தலையாட்டுகிறார். நல்ல நாடு.

அப்போதுதான் வேன் கதவருகே நின்ற மேரியக்காவைப் பார்த்தேன். ஆரோக்கியம் அண்ணனின் மனைவி. நுரையீரல் கெட்டுப்போய், நாளின் பெரும்பகுதி ஆக்சிஜன் மெஷினோடுதான் இருக்க வேண்டும். வெளியே கொஞ்ச நேரம் வர ஒரு சின்ன சிலிண்டர் வைத்திருந்தார்.

"எனக்குக் கடல் பாக்கணும், பரிமளா" என்றார். "தஞ்சோங் டாவாய்ல ஒரு ராத்திரி படுக்கணும். வீட்டுல அந்த மெஷின் வயரு எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் நான் போற தூரம். கழுத்துல கயிறு கட்டுன ஆடு மாதிரி இருக்கேன்."

டாக்டர் போகலாம் என்றுவிட்டாராம். மெஷின் நிற்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. அதைக் கேட்டதும் நான் கிண்டலை நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தேன்.

2. எத்தனை ஆ?

பேட்டரி அட்டையில் ஆம்பியர்-ஹவர் என்பதை ஆங்கிலத்தில் Ah என்று இரண்டே எழுத்தாகச் சுருக்கிப் போட்டிருப்பார்கள். நம்மவர்கள் அதை அப்படியே எழுத்துக்கூட்டி "ஆ" என்று படித்துவிட்டார்கள். "அக்கா, இது எத்தனை ஆ? எரநூறு ஆவா? முன்னூறு ஆவா?" என்பார்கள். வாயைப் பிளந்தால் வருவதும் ஆ தான், விலையைக் கேட்டால் வருவதும் ஆ தான்.

ஆ என்பது தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரியது என்று சொல்லும். குழாய் எவ்வளவு பெரியது என்று சொல்லாது. லிதியம் பேட்டரிக்குள் பி.எம்.எஸ் என்று ஒரு காவல்காரன் இருக்கிறான். ஒரே நேரத்தில் இவ்வளவு மின்சாரம்தான் வெளியே விடுவேன் என்று அவனுக்கு ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேல் இழுத்தால் கதவைச் சாத்திவிடுவான். சார்ஜ் ரொம்ப இறங்கினாலும் சாத்துவான், சூடேறினாலும் சாத்துவான். இந்தக் கணக்கைக் கேட்டு வாங்குகிறவர்களை இத்தனை வருடத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

ஆரோக்கியம் அண்ணனுக்கு இரும்பு பாஸ்பேட் வகை லிதியத்தைத் தேர்ந்தெடுத்தேன். மற்ற வகையைவிடச் சூட்டைத் தாங்கும், சீக்கிரம் தீப்பிடிக்காது. எஞ்சின் பக்கம் வைக்கச் சொன்னார், மாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் காற்றோட்டம் விட்டு வைத்தேன். வேனின் டைனமோவிலிருந்து நேராக வயர் இழுக்கலாமே என்றார். லிதியம் கொடுப்பதையெல்லாம் விழுங்கும், டைனமோ வெந்துபோகும், அதனால் நடுவில் அதற்கென்று உள்ள சார்ஜரைப் போட்டேன். முக்கியமாக, காவல்காரன் விடுகிற அளவுக்குக் குறைவாகவே ஓர் இன்வெர்ட்டர் வைத்தேன். யாராவது அதிகமாக இழுத்தால் இன்வெர்ட்டர் கத்திவிட்டு நிற்கும், பேட்டரி வரை போகாது.

இதையெல்லாம் மேரியக்காவின் தம்பி சேவியர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். யூடியூபில் எல்லாம் படித்தவர்.

"இன்வெர்ட்டர் சிறுசா இருக்கே அக்கா. இவ்வளவு பெரிய பேட்டரிக்கு இது பத்தாது லா."

"பத்தும். தொடாதீங்க."

தொடாதே என்றால் தொடு என்று கேட்கும் காது சிலருக்கு.

3. தமிழா, மலாயா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். போன் அடித்தது. ஆரோக்கியம் அண்ணன்.

"அக்கா! பேட்டரி மாத்தி!"

மலாயில் மாத்தி என்றால் செத்துப்போச்சு. எஞ்சின் நின்றால் மாத்தி, போன் அணைந்தால் மாத்தி. தமிழில் மாத்தி என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழும் மலாயும் நம் வாயில் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகின்றன. எது கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும் என்பது பேசுகிறவருக்கே தெரியாது. நான் தமிழாகக் கேட்டுவிட்டேன்.

"என்னாது? யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"யாரையும் கேக்கல அக்கா, தானாவே மாத்தி!"

"தானா எப்படிண்ணே மாத்தும்? அந்தப் பனி பேட்டரியை வாங்கிப் போட்டுட்டீங்களா?"

"ஐயோ, மாத்தி லா அக்கா, மாத்தி!"

"அதைத்தானே கேக்குறேன்! நல்லா இருந்ததை எதுக்கு மாத்தினீங்க? என்கிட்ட மறைக்காதீங்க!"

பின்னாலிருந்து சேவியரின் குரல் கேட்டது. அழாத குறை.

"அக்காகிட்ட யாரு போட்டுக் குடுத்தது? பேட்டரியை நான் தொடவே இல்லக்கா, சத்தியமா! இன்வெர்ட்டரைத்தான் மாத்தினேன்!"

"இன்வெர்ட்டரை மாத்தினியா?" என்று ஆரோக்கியம் அண்ணன் கத்தினார். அவருக்கும் அது அப்போதுதான் தெரிந்தது.

பெரிய இன்வெர்ட்டராம். யாருக்கும் சொல்லாமல் போட்டுவிட்டு, தஞ்சோங் டாவாய் கடற்கரையில் அதன் பெருமையைக் காட்ட ஏர்கோன், ரைஸ் குக்கர், கெட்டில் மூன்றையும் ஒன்றாகச் சொருகியிருக்கிறார். மேரியக்காவின் மெஷினும் அதே வரிசையில். காவல்காரன் கதவைச் சாத்திவிட்டான். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று சும்மாவா சொன்னார்கள்?

இரண்டு ஆண்களும் அங்கே சண்டை. நானும் போனில் இங்கிருந்து சேர்ந்துகொண்டேன். அப்போது போன் கை மாறியது.

"பரிமளா..." மேரியக்கா. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. "சிலிண்டர்ல... முள்ளு... கீழ வந்திருச்சு. நீங்கள்லாம்... அப்புறமா சண்டை போடுங்க."

சோற்றுக் கையோடு எழுந்து நின்றேன்.

"அண்ணே, ஸ்பீக்கர்ல போடுங்க. சொருகுனதெல்லாம் புடுங்குங்க. இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணுங்க. வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஓட விடுங்க."

"அக்கா, மீட்டர்ல சைபர் காட்டுது" என்றார் சேவியர். "செத்த பேட்டரிக்கு எதுக்கு இதெல்லாம்? பக்கத்துல மீன் லாரி நிக்குது, அதுலேருந்து வயர் போட்டு ஜம்ப் பண்ணவா?"

லாரியின் மின்சாரம் வேனைப்போல இரண்டு மடங்கு. போட்டிருந்தால் கதை வேறு.

"ஆரோக்கியம் அண்ணே! மொதல்ல அந்த ஆளு கையில இருக்குற வயரைப் புடுங்குங்க! பேட்டரி சாகல. பயந்து கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்கு. எஞ்சின் ஓடுனா சார்ஜர் போய்க் கதவைத் தட்டும், தொறந்துடும். அப்படி வரலன்னா எதையும் பாக்காதீங்க, அக்காவோட நேரா ஆஸ்பத்திரிக்கு ஓட்டுங்க."

எஞ்சின் சத்தம் கேட்டது. மாதாவே, மாதாவே என்று ஆரோக்கியம் அண்ணன் முணுமுணுப்பது மட்டும் கேட்டது. நான் மாரியம்மனைக் கூப்பிட்டேன். யார் முதலில் வந்தார்களோ தெரியாது, பேட்டரியின் சின்ன விளக்கு எரிகிறது என்றார் அண்ணன்.

"இன்வெர்ட்டரைப் போடுங்க. மெஷினை மட்டும் சொருகுங்க."

மெஷின் பீப் என்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டு சேவியரைத் திட்ட ஆரம்பித்தேன். நன்றாகவே திட்டினேன், இங்கே எழுத முடியாது.

4. உருண்டைக் கால்

அந்த வாரமே மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். ஆரோக்கியம் அண்ணன் முகம் செத்துப்போயிருந்தது.

"எல்லாத்தையும் கழட்டிருங்க அக்கா. வண்டியையும் வித்துடப் போறேன். இவ வீட்டுலயே இருக்கட்டும். எனக்கு அந்த பயம் இன்னொரு தடவை வேணாம்."

மேரியக்கா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"கழட்டுறதுக்கு நாளைக்கு வாங்கண்ணே. இன்னிக்கு எனக்கு வேற வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு வேனுக்குள் ஏறினேன்.

மெஷினுக்கென்று தனியாக ஒரு பேட்டரி வைத்தேன். தனிக் காவல்காரன், தனி இன்வெர்ட்டர். பழைய வீடுகளில் ஏர்கோனுக்கென்று உருண்டைக் கால் மூன்று வைத்த பிளக் போடுவார்களே, அந்தச் சாக்கெட்டை அதில் பொருத்தினேன். மெஷின் விற்றவரிடம் கேட்டுக்கொண்டு மெஷினின் பிளக்கையும் அப்படியே மாற்றினேன். வீட்டுக்கும் அதே சாக்கெட் ஒன்று கொடுத்தேன். இங்கே மற்ற சாமானுக்கெல்லாம் சதுரக் கால் பிளக்தான், ஒன்றும் அதில் நுழையாது. சொல்லிக் கேட்காதவர்களைச் சாக்கெட்டால் தடுக்க வேண்டியதுதான்.

பிள்ளைகளே, அதிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடம் நான் எத்தனை ஆ வேண்டும் என்று முதலில் கேட்பதில்லை. கரண்டு நின்றால் யாருக்கு டீ நிற்கும், யாருக்கு மூச்சு நிற்கும் என்று கேட்கிறேன். இரண்டையும் ஒரே பேட்டரியில் போடாதீர்கள். மிச்சத்தைக் கம்பெனிக்காரன் அட்டையில் எழுதியிருப்பான், பாதி உண்மையாகவும் இருக்கும்.

வேலை முடிந்ததும் மேரியக்கா உள்ளே ஏறி அந்தச் சாக்கெட்டைக் குனிந்து பார்த்தார்.

"இதுல கெட்டில் சொருக முடியுமா?"

"முடியாதுக்கா."

"இந்த சேவியர் நெனச்சாகூட?"

"அவரு சுத்தியல் கொண்டு வந்தாத்தான் உண்டு."

மேரியக்கா கட்டிலில் உட்கார்ந்து, மெஷினைத் தானே சொருகி, குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டார். ஆரோக்கியம் அண்ணன் கீழே நின்று, "எறங்கு மேரி, வீட்டுக்குப் போவோம்" என்றார்.

"வீட்டுக்கு நீங்க போங்க" என்றார் மேரியக்கா. "நான் வண்டியிலதான் இருப்பேன். வண்டி தஞ்சோங் டாவாய் போகுது. ஓட்டத் தெரிஞ்சவங்க யாராச்சும் ஏறுங்க."

ஆரோக்கியம் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் சாவியை எடுத்தார்.