நான் கொடுத்த நோட்டு

மகளின் பள்ளி அலுவலகத்தில் முத்திரை மையின் வாசனை வந்ததும் 2005க்குப் போய்விட்டேன். அப்போது நான் மரக்காணத்தில் எட்டாம் வகுப்பு. உப்பளத்தில் கூலி வேலை செய்பவரின் மகள் செல்வி வகுப்புத் தண்ணீர்ப் பானையருகே போனாலே, "ஏய் காலனி, தொடாத!" என்று பையன்கள் டம்ளரைப் பிடுங்குவார்கள். அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடிவிடுவாள். ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, அந்த நோட்டைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். கேட்பார் என்று நம்பினேன்.

அந்தப் பையன்களில் ஒருவனின் அப்பாதான் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். அவரும் தலைமையாசிரியரும் சேர்ந்து செல்வியின் அம்மாவை வரவழைத்தார்கள். உப்பு படிந்த காலோடு அவர் வாசலிலேயே நின்றார்.

"பாரும்மா, எத்தன நாள் பாதியில ஓடியிருக்குது உம் பொண்ணு! இந்த நோட்டுல தேதியோட இருக்குது. டிசிய வாங்கிட்டுப் போ" என்றார் தலைமையாசிரியர்.

"ஏன் ஓடுச்சுன்னு அதுல எழுதலீங்களா சார்?"

"அது பசங்க விளையாட்டும்மா."

முத்திரை விழுந்தது.

வெளியே செல்வி என்னைப் பார்த்து, "உன்ன யாருடா எழுதச் சொன்னா?" என்றாள். அதன் பிறகு அவள் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை.

"தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்" என்றார் மகளின் பள்ளிக் குமாஸ்தா.

இன்றுவரை ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதும் நான் அவரிடம், "இன்னைக்கு என்ன தேதிங்க?" என்று கேட்டேன்.